அண்ணி எடுத்துக் கொடுத்த பதில்கள்

மழலையர் பள்ளி ஆண்டு விழாவில் திரைக்குப் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கும் ஆசிரியையை யாரும் பார்ப்பதில்லை. முயல் வேஷம் போட்ட குழந்தை வசனத்தை மறந்து விழிக்கும்போது, அந்த இருட்டில் ஓர் உதடு அசையும். சத்தம் வராது. குழந்தை உதட்டைப் பார்த்துச் சொல்லிவிடும். கைதட்டல் முயலுக்குப் போய்ச் சேரும்.

அண்ணி பல வருஷமாகச் செய்துவந்த வேலை அது. பழக்கம் பள்ளியோடு நிற்கவில்லை. தன் தம்பி முதல் வேலைக்கு இன்டர்வியூ போனபோது கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அங்கிருந்தும் உதட்டை அசைத்தார். "உன்னைப் பாத்துட்டே இருந்ததுல அவங்க கேட்டதே காதுல விழலக்கா" என்று தம்பி வீட்டுக்கு வந்து கத்தினான். ஆனாலும் லிஃப்ட் பழுது பார்க்கும் அந்த வேலை அவனுக்குக் கிடைத்துவிட்டது. அது தன் உதட்டால் கிடைத்தது என்று அண்ணி உள்ளுக்குள் நம்பினார்.

தம்பியின் மனைவிக்கு வீட்டில் வாண்டு என்று பெயர். கணவனின் அக்காவை அண்ணி என்று கூப்பிடுபவள் அவள்தான். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள், ஆள் அவ்வளவு சிறிசு. மாசம் ஏற ஏற, "முதல்ல வயிறு வருது, கொஞ்ச நேரம் கழிச்சு வாண்டு வருது" என்று தம்பி கேலி செய்வான்.

பிரசவத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தபோது அவளுக்கு வாந்தி ஆரம்பித்தது. பார்த்தவர்கள் எல்லோரிடமும் அதற்கு ஒரு காரணம் இருந்தது. குழந்தை மேலே ஏறி முட்டுது என்றார்கள். வெயில் என்றார்கள். அதோடு தீராத தாகம் வேறு. பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தாள்.

"வீட்டுல மீன் தொட்டியை மட்டும்தான் விட்டு வெச்சிருக்கா" என்றான் தம்பி.

"மீன் இருக்கேன்னு பாவம் பாத்தேன்" என்றாள் அவள். சிரிப்பதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

அண்ணிதான் வழக்கமான பரிசோதனைக்கு முன்பாகவே அவளை அழைத்துப் போனார். பிரசவ டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். கண் மஞ்சள் பூத்திருந்தது. எப்போதும் வாய் ஓயாமல் பேசும் அந்த டாக்டர் ஒன்றும் பேசாமல் ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் எல்லோரையும் ஆம்புலன்சில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்.

அங்கே கல்லீரல் டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. நின்றுகொண்டு பேசாமல், ஸ்டூலை இழுத்துப் போட்டு இவர்களுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"கர்ப்பத்துல எப்பவாவது அபூர்வமா இப்படி வரும். ஈரலுக்குள்ள கொழுப்பு புகுந்து அதை வேலை செய்யவிடாம பண்ணிடும். சர்க்கரையை சேத்து வெச்சு கொடுக்குறது ஈரல். ரத்தத்தை உறைய வைக்கிற பொருளைத் தயார் பண்றதும் ஈரல். ரெண்டும் இப்ப நடக்கல."

"மாத்திரை கொடுத்தா சரியாகுமா டாக்டர்?" என்றான் தம்பி.

"இதுக்கு மாத்திரை கிடையாது. குழந்தை உள்ளே இருக்கிற வரைக்கும் ஈரல் மீளாது. உடனே வெளியே எடுக்கணும். அதுதான் வைத்தியம். ஆனா இப்ப கத்தி வெச்சா ரத்தம் நிக்காது. முதல்ல உறைய வைக்கிற சத்தை ஏத்துறோம், கூடவே குளுக்கோஸ். அது ஓரளவு சரியானதும் ஆபரேஷன்."

"நான் என்ன தப்பா சாப்பிட்டேன்?" என்று வாண்டு படுக்கையிலிருந்து கேட்டாள்.

டாக்டர் எழுந்து போய் அவள் பாதத்தைத் தொட்டார். "ஒண்ணும் தப்பா சாப்பிடலம்மா. சில சமயம் குழந்தையோட உடம்புக்கு கொழுப்பை எரிக்கத் தெரியாது. அந்தக் கழிவு உங்க ஈரல்ல வந்து சேரும். சில சமயம் காரணமே தெரியாது. இதுல யார் தப்பும் இல்ல."

ரத்தத்தை உறைய வைக்கும் சத்துள்ள பிளாஸ்மா பைகள் வந்தன. வைக்கோல் நிறத்தில், வெளிச்சம் பட்டால் லேசாகப் பளபளக்கும் திரவம். யாரோ ஒருவர் தம் வேலைக்கு நடுவே வந்து, கையை நீட்டிப் படுத்து, கொடுத்துவிட்டு எழுந்து போயிருக்கிறார். யாருக்குப் போகும் என்று கேட்டிருக்க மாட்டார். அண்ணி ஒவ்வொரு பை மாட்டும்போதும் அந்த முகம் தெரியாதவருக்காக ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கடவுளிடம் சொல்லிவைத்தார். அவர் சேர்ப்பித்துவிடுவார்.

குழந்தை பெண். சின்னஞ்சிறியது. அழுகை மட்டும் ஆபரேஷன் அறைக் கதவைத் தாண்டி வந்தது. குழந்தையின் சர்க்கரையையும் கவனிக்க வேண்டும் என்று பச்சிளம் குழந்தைகள் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். அண்ணி கூடவே ஓடினார். தம்பி, மனைவிக்காக அங்கேயே நின்றான்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் அவனிடம் மற்றதைச் சொன்னார். குழந்தை வெளியே வந்தபின் பெரும்பாலும் ஈரல் தானாக எழுந்துகொள்ளும். சிலருக்கு எழுந்துகொள்ளாது. அப்போது வேறு ஈரல்தான் பொருத்த வேண்டும், அதற்கு வேறு ஆஸ்பத்திரி. எந்தப் பக்கம் போகிறது என்பதை ரத்தப் பரிசோதனை காட்டும். நோயாளியின் தெளிவும் காட்டும். ஈரல் வடிகட்டாத நஞ்சு மூளைக்குப் போனால் முதலில் சின்னச் சின்னக் கேள்விகளுக்கே தடுமாறுவார்கள். அதனால் சிஸ்டர்கள் அடிக்கடி கேள்வி கேட்பார்கள்.

பயந்துபோனவன் காதில் பாதிதான் ஏறும். தம்பி அக்காவிடம் வந்து சொன்னது இவ்வளவுதான்: "அப்பப்ப கேள்வி கேப்பாங்களாம்க்கா. சரியா சொல்லலன்னா வேற ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோயி இன்னொரு பெரிய ஆபரேஷன் பண்ணுவாங்களாம்."

இதைக் கேட்ட அண்ணியின் மனசில் அது பரீட்சையாகப் பதிந்துவிட்டது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கூட யாரையும் விடமாட்டார்கள். வாண்டு பயந்து அழுததால் அண்ணியை மட்டும் உட்கார அனுமதித்தார்கள். காலை வெளிச்சம் திரைச்சீலை வழியாக வந்துகொண்டிருந்தது. வயதான சிஸ்டர் ஒருவர் அட்டையில் சொருகிய தாளோடு வந்தார்.

"உங்க பேரென்ன கண்ணு?"

சொன்னாள்.

"இது எந்த இடம்?"

"ஆஸ்பத்திரி."

"கிழமையெல்லாம் ஞாயித்துக்கிழமையில இருந்து பின்னாடி சொல்லிட்டே வாங்க பாப்போம்."

"முன்னாடி சொல்றதுக்கே திங்கக்கிழமை காலைல எனக்கு வராது" என்றாள் வாண்டு. ஆனாலும் சொல்லி முடித்தாள். சிஸ்டர் சிரித்துக்கொண்டே போனார்.

அடுத்த முறை கேட்டபோது வியாழனில் நின்றுவிட்டாள். உதடு துடித்தது. "தெரியுமே... எனக்குத் தெரியுமே" என்று அழ ஆரம்பித்தாள். களைப்பாக இருக்கும் என்று சிஸ்டர் தலையைத் தடவிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வருவதாகச் சொன்னார்.

திரும்பி வந்தபோது அவளுடைய கண் தானாக அண்ணியின் பக்கம் போனது. முயல் வேஷம் போட்ட குழந்தையின் அதே பார்வை. அண்ணி யோசிக்கவே இல்லை. சிஸ்டர் தாளில் குனிந்திருந்தார். அண்ணியின் உதடு அசைந்தது.

"புதன்" என்றாள் வாண்டு. "செவ்வாய்... திங்கள்."

"அடடே, பிரமாதம்!" என்றார் சிஸ்டர்.

அவள் முகத்தில் நிம்மதி வந்தது. அதைப் பார்த்து அண்ணிக்கும் வந்தது. ஒரு பயந்த பெண்ணுக்குத் தன்னால் இவ்வளவாவது செய்ய முடிகிறதே என்று நினைத்தார். அதன்பின் ஒவ்வொரு முறையும் அப்படியே நடந்தது. மாசம் என்ன, குழந்தை ஆணா பெண்ணா, இப்போது காலையா மாலையா. பதில் அண்ணியின் உதட்டிலிருந்து கிளம்பி வாண்டுவின் வாய் வழியாகத் தாளில் போய் உட்கார்ந்தது.

ஆனால் பகல் ஏற ஏற அண்ணிக்கு ஏதோ உறுத்தியது. வாண்டு இப்போதெல்லாம் யோசிப்பதே இல்லை. கேள்வி முடியும் முன்பே கண் அண்ணியின் வாய்க்கு வந்துவிடுகிறது. கேள்விகளுக்கு நடுவே சட்டென்று தூங்கிப்போகிறாள். ஒருமுறை கண் விழித்து, "கடையை யாரு தொறந்தா?" என்று கேட்டாள். மருந்து மயக்கம் என்று அண்ணி தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

மதியம் டாக்டர் வந்தார். தாளைப் புரட்டினார். கட்டிலின் காலடியில் நின்றே போனை எடுத்து, மாற்று ஈரல் பொருத்தும் ஆஸ்பத்திரிக்குப் பேசினார்.

"ஆமா, அதே கேஸ்தான். ரத்தம் உறையுறது இன்னும் ஏறல. அதுதான் உறுத்துது. ஆனா புத்தி ரொம்பத் தெளிவா இருக்கு. காலைல ஒரு தடவை தடுமாறினதோட சரி, அப்புறம் ஒரு பதில்கூடத் தப்பல. அதை நம்பித்தான் இன்னைக்கு மாத்த வேணாம்னு பாக்குறேன். நாளைக்குப் பேசலாமா?"

அண்ணி டாக்டர் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

அது பரீட்சை இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இருட்டில் வழி தேடுகிறவர் கையில் விளக்கைப் போல அந்தப் பதில்களை வைத்திருந்தார் டாக்டர். விளக்கின் முன்னால் கையை வைத்து மறைத்துக்கொண்டு தான் உட்கார்ந்திருக்கிறோம்.

சொன்னால் இவளைக் கொண்டுபோய்விடுவார்கள். மறுபடியும் கத்தி. வழியிலேயே ஏதாவது ஆகலாம். தம்பியின் முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாவிட்டால்? ஆண்டவனே என்று மட்டும்தான் மனசு சொன்னது, அதற்குமேல் பிரார்த்தனை வரவில்லை. அண்ணி எழுந்து நின்றார். நாற்காலி கிரீச்சிட்டது.

"டாக்டர், அந்தப் பதிலெல்லாம் என்னோடது."

டாக்டர் போனைக் காதிலிருந்து எடுத்தார். "என்ன சொல்றீங்க?"

"அவ சொல்லல. நான்தான் உதட்டை அசைச்சு எடுத்துக் கொடுத்தேன். அவ அழுதா, என்னால பாக்க முடியல. இது எதுக்குன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்க மாட்டேன்."

சிஸ்டரின் பேனா தாளின் மேல் அப்படியே நின்றது. டாக்டர் போனில், "லைன்லயே இருங்க" என்றார். பிறகு குரலை உயர்த்தாமல், "அம்மா, கொஞ்சம் சுவரைப் பாத்துத் திரும்பி நில்லுங்க" என்றார்.

அண்ணி திரும்பி நின்றார். பச்சைச் சாயம் பூசிய சுவர். முதுகுக்குப் பின்னால் டாக்டரின் குரல் கேட்டது.

"இங்க பாருங்கம்மா. இது எந்த இடம்?"

ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை.

"பஸ்" என்றாள் வாண்டு.

"எங்க போறோம்?"

"எறங்கணும்... நிறுத்தச் சொல்லுங்க."

"ரெண்டு கையையும் நீட்டுங்க. வர்ற வண்டியை நிறுத்துற மாதிரி." போர்வை சரசரத்தது. "கை அடிச்சுக்குது, பாத்தீங்களா சிஸ்டர்? விரல் நுனியில குத்தி சர்க்கரை பாருங்க. இப்பவே."

சர்க்கரை மறுபடியும் இறங்கியிருந்தது. குளுக்கோஸைக் கூட்டினார்கள். அதற்கும் அவள் முழுசாகத் தெளியவில்லை. மூளைக்குப் போகும் நஞ்சைக் குடல் வழியாகவே வெளியேற்ற ஒரு மருந்துப் பாகைக் கொடுத்தார்கள். தலைமாட்டை உயர்த்தினார்கள், விளக்கைக் குறைத்தார்கள், சிஸ்டரின் மேஜைக்கு நேர் எதிரே கட்டிலைத் தள்ளிப் போட்டார்கள். டாக்டர் போனை எடுத்து, "நான் சொன்னது தப்பு. படுக்கை தயாரா வெச்சிருங்க. வண்டியைக் கீழே நிறுத்தி வெக்கிறேன். அடுத்த ரத்த முடிவு மோசமா வந்தா உடனே கிளம்புறோம்" என்றார்.

எல்லாம் ஓய்ந்தபின் அவர் அண்ணியிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று அண்ணி தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்ப சொன்னீங்க, அதுக்கு நன்றி" என்றார் டாக்டர். "நாளைக்கு சொல்லியிருந்தா கேட்டு என்ன பண்ண? நாங்களும் அவங்க கண்ணு எங்க போகுதுன்னு ஒரு தடவை பாத்திருக்கணும்."

"நான் பேப்பரைப் பாத்துட்டே கேட்டேன் டாக்டர்" என்றார் சிஸ்டர். "என் பேர்லயும் தப்பு இருக்கு." சொல்லிவிட்டு அவர் அண்ணியின் கையில் ஒரு தம்ளர் வெந்நீரைக் கொடுத்தார். யாரும் கேட்காமல், குறையாகப் பேசாமல் கொடுத்த அந்தத் தம்ளர் தண்ணீரைப் பற்றி அண்ணி அதன்பின் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார்.

வெளியே பெஞ்சில் தம்பி உட்கார்ந்திருந்தான். அண்ணி அவனிடமும் ஒன்று விடாமல் சொன்னார். அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏதாவது சொல்லுடா. திட்டவாவது செய்."

"இன்டர்வியூவுலயும் இதேதானேக்கா பண்ணே" என்றான். சிரிக்கத்தான் தொடங்கினான். பாதியில் அது அழுகையாக மாறி, முகத்தை அக்காவின் தோளில் வைத்துக்கொண்டான். "டாக்டர் சொன்னதை நான் ஒழுங்கா வந்து சொல்லல. நானும் சேந்துதான் பண்ணேன்."

பொழுது சாயும் நேரத்தில் ரத்த முடிவு வந்தது. வண்டி கீழே நின்றுகொண்டிருந்தது. டாக்டர் தாளைப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். மறுபடியும் ரத்தம் எடுத்து அனுப்பச் சொன்னார். கலக்கமா, வேறு ஏதாவதா என்று அவர் முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டாவது முடிவும் வந்தபின், முதல் நாள் போலவே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உறையுறது கொஞ்சம் ஏறியிருக்கு" என்றார்.

"நீங்க ஏத்துன பிளாஸ்மாவாலயா?" என்றான் தம்பி.

"அது இந்நேரம் தீர்ந்திருக்கும். காலைக்கு அப்புறம் நான் ஒரு பைகூட ஏத்தல. இது அவங்க ஈரலே பண்ணது." கையிலிருந்த தாளை அவர் ஒரு குழந்தையைக் காட்டுவது போல இருவருக்கும் காட்டினார். "எத்தனையோ பேருக்குப் பாத்துட்டேன். ஒவ்வொரு தடவையும் எனக்குப் புல்லரிக்குது. நாங்க பண்றதெல்லாம் முட்டுக் கொடுக்குறதுதான். சர்க்கரையைக் கொடுப்போம், ரத்தத்தை நிறுத்துவோம், கிருமி வராம பாத்துக்குவோம். எழுந்திருக்கறது அதுவா எழுந்திருக்கும். எந்த நேரத்துல, ஏன், யார் சொல்லி... எனக்குத் தெரியாது."

டாக்டருக்குத் தெரியாத இடம் ஒன்று உண்டு என்பது அண்ணியைப் பயமுறுத்தவில்லை. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது வருகிற அடக்கம் போல ஒன்று உடம்பு முழுவதும் பரவியது. இரண்டு கையையும் மடியில் சேர்த்து வைத்துக்கொண்டார்.

வண்டியை உடனே திருப்பி அனுப்பிவிடவில்லை. அடுத்த முடிவும் ஏறுமுகமாக வந்தபின்தான் அனுப்பினார்கள். அதற்கடுத்த நாட்களில் கண்ணின் மஞ்சள் மெதுவாக, சர்க்கரை வேகமாகச் சரியானது. கை அடித்துக்கொள்வது நின்றது. கேள்வி நேரம் வந்தால் அண்ணி தானாகவே எழுந்து சுவரைப் பார்த்து நின்றுகொள்வார். பச்சைச் சாயத்தில் எங்கெங்கே கொப்புளம் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அப்படி நின்ற ஒரு காலையில் சிஸ்டர் கேட்டார்: "இன்னைக்கு என்ன தேதி கண்ணு?"

"தெரியல சிஸ்டர்."

அண்ணியின் முதுகு விறைத்தது.

"எப்படித் தெரியும்? இங்க ஒரு காலண்டர்கூட இல்ல. பாப்பா பொறந்து எத்தனை நாளாச்சுன்னு சொல்லுங்க, கூட்டிச் சொல்றேன். ஏன் அண்ணி சுவத்தைப் பாத்து நிக்கிறாங்க? ஏதாவது தண்டனையா?"

கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். தனக்குத் தெரியாது என்பது தெரியுமளவுக்கு அவள் திரும்பி வந்துவிட்டாள்.

குழந்தையைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் படுக்க வைத்தார்கள். அதன் ரத்தத்தையும் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். கொழுப்பை எரிக்கத் தெரிந்த உடம்பா என்று முடிவு வரும் வரை பசியோடு நெடுநேரம் விடக்கூடாது, தூங்கினாலும் எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வாண்டு ஒரு விரலால் குழந்தையின் நெற்றியைத் தடவினாள். தன்னைக் கொல்லப் பார்த்த நோய் ஒருவேளை இந்தச் சின்ன உடம்பிலிருந்து வந்திருக்கலாம் என்பது அவளுக்குத் தெரியும். அந்த விரலில் அந்த நினைப்பின் சுவடே இல்லை.

அண்ணி நாற்காலியை நெருக்கிப் போட்டு, நடந்ததை அவளிடமும் சொன்னார். "உன்னை நானே கொன்னிருப்பேன்டீ" என்று முடித்தார்.

வாண்டு குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டாள்.

"எனக்கு அந்த நாள்ல ஒண்ணுமே ஞாபகம் இல்ல அண்ணி" என்றாள். "எல்லாம் ஒரே புகையா இருந்துச்சு. யாரோ கேக்குறாங்க, என்ன கேக்குறாங்கன்னு தெரியல. அதுக்குள்ள ஒரு வாய் மட்டும் தெரிஞ்சுது. யாரோட வாய்னுகூடத் தெரியல. நம்மளுக்கு வேண்டியவங்கன்னு மட்டும் தோணுச்சு. அதையே பிடிச்சுட்டுக் கெடந்தேன்."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தவறாகச் செய்த அன்பைக்கூட வீணாகப் போகவிடாத ஒருவன் மேலே இருக்கிறான் என்று நினைத்தார். அதற்காகத் தவறு சரியாகிவிடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. சிஸ்டர் குழந்தைக்குப் பால் கொண்டுவந்ததும், தாயும் மகளும் தனியாக இருக்கட்டும் என்று வெளியே வந்தார்.

நடைபாதையில் பார்வையாளர் நேரத்துக் கூட்டம். தரை துடைப்பவர் வாளியைக் காலால் தள்ளிக்கொண்டு போனார். ஒரு பெண் நின்றபடியே பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். வண்டியை எங்கே நிறுத்துவது என்று ஒருவர் போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். அண்ணி சுவரோரமாக நின்று பார்த்தார். இத்தனை பேருக்குள்ளும், வலது விலாவுக்கு அடியில், அது வேலை செய்துகொண்டிருக்கிறது. சர்க்கரையை எடுத்து வைக்கிறது, ரத்தத்தை உறையப் பழக்குகிறது, நஞ்சை வடிகட்டுகிறது. கத்துகிறவருக்குள்ளும்தான். அவர் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை, நன்றி சொல்லவில்லை. இன்றைக்கு அப்படி ஒன்று தனக்குள் இருப்பதாகவே அவர் நினைத்திருக்க மாட்டார்.

அவர் போனைக் காதில் வைத்தபடியே கண்ணை நிமிர்த்தாமல் நேராக வந்தார். அண்ணி முந்தானையை ஒதுக்கிக்கொண்டு, நிறைந்த ஏதோ ஒன்றைச் சுமந்து வருகிறவருக்கு வழிவிடுவது போல, மரியாதையாக விலகி நின்றார்.